மெஷின் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு ஆளும் இருக்கட்டும்

விமான நிலையத்தில் நாமே செக்-இன் செய்துகொள்ளும் மெஷினைப் பற்றி எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. என் கணவருக்கு அது ரொம்பப் பிடிக்கும். அம்மாவுக்கு அதைக் கண்டாலே படபடப்பு. அப்பா அதன் பக்கமே போவதில்லை. அவர் போகாததற்கு நியாயமான காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். நான் சிங்கப்பூருக்குக் குடிவந்ததிலிருந்து இங்குள்ள சாங்கி விமான நிலையத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் பெற்றோரை அழைத்து வருவதும் ஏற்றிவிடுவதுமாக இருக்கிறேன். அதனால் அந்த மெஷின் முன்னால் நிற்கும் பலதரப்பட்ட ஆட்களைப் பார்த்தாகிவிட்டது. வரிசையில் நிற்கும்போது பேச்சும் கொடுப்பேன். அப்படிக் கேட்டதையும் பார்த்ததையும் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணவர் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை விஷயமாகக் கோலாலம்பூர், ஜகார்த்தா என்று ஒரு தோள்பையோடு போய்வருகிறவர் அவர். பாஸ்போர்ட்டை வைத்தார், இருக்கையைத் தொட்டார், சீட்டு வந்தது, நடையைக் கட்டினார். இப்போதெல்லாம் அதுவும் இல்லை, போனிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. சாங்கியின் நான்காம் முனையம் 2017 அக்டோபர் கடைசியில் திறந்தபோது செக்-இன், பெட்டி போடுவது, குடிநுழைவு (இமிக்ரேஷன்), விமானம் ஏறுவது எல்லாவற்றையும் பயணியே மெஷினில் செய்துகொள்ளலாம் என்றுதான் அதைக் கட்டியிருந்தார்கள். அவருக்கு அது சொர்க்கம். பத்துப் பெட்டி, பன்னிரண்டு பேர் என்று கவுண்டரை அடைத்துக்கொண்டு நிற்கும் குடும்பத்துக்குப் பின்னால் கைப்பையோடு ஒருவர் ஏன் கால் கடுக்க நிற்க வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம்தான். நான் மறுக்கவே இல்லை.

ஆனால் திருச்சி விமானத்துக்கு வந்து பாருங்கள்.

வருஷக்கணக்கில் விடுதியில் தங்கி வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போகும் தம்பிகள்தான் அதில் பெரும்பாலும். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, அதன் மேல் மார்க்கரில் பெரிதாக எழுதிய பெயர், உள்ளே மைலோ, சாக்லேட், போர்வை, கோடாலித் தைலம். கோடாலித் தைலம் இல்லாமல் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போன தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர், எனக்கு முன்னால் நின்றவர், மெஷினில் செக்-இன் எல்லாம் அழகாக முடித்துவிட்டார். விரல் தயங்கவே இல்லை. பெட்டியைப் பெல்ட்டில் வைத்ததும் எடை கொஞ்சம் கூடுதல் என்று திரையில் வந்தது. அத்தோடு அது நின்றுவிட்டது. கூடுதல் எடைக்கு கார்டில் பணம் கட்டு, இல்லையென்றால் பெட்டியை எடு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

அவர் பெட்டியைக் கீழே இறக்கிக் கயிற்றை அவிழ்த்துத் தைலப் பாட்டில்களை அள்ளிக் கைப்பையில் போட ஆரம்பித்தார். அந்த வழியாகப் போன ஊழியப் பெண் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "தைலத்தை எடுக்காதீங்க, போர்வையை எடுங்க" என்றார். கைப்பையில் திரவம் என்றால் ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும், மொத்தமும் ஒரு லிட்டர் பையில் அடங்க வேண்டும். டஜன் கணக்கில் தைலத்தைக் கைப்பைக்கு மாற்றியிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பாதியைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், எடை சரியாகிவிட்டது. போகும்போது என்னிடம் சொன்னார்: "மெஷின் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியலையே."

நான் கேட்ட கருத்துகளிலேயே இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இவருக்குத் தொழில்நுட்பம் தெரியாமல் இல்லை. வீட்டுக்குப் பணம் அனுப்புவதிலிருந்து வீடியோ கால் வரை போனிலேயே செய்கிறவர். சிக்கல் என்று வந்தால் பேச்சுக்கு ஒரு ஆள் வேண்டும், அதைத்தான் கேட்கிறார்.

அம்மாவின் படபடப்பு வேறு மாதிரி. ஊரில் ஏடிஎம்மில் தமிழ் வருகிறது, அம்மா தயங்காமல் பணம் எடுக்கிறார். நான் பயன்படுத்திய செக்-இன் மெஷின்களில் தமிழைக் கண்டதில்லை. ஆங்கிலத்தில் வரும் பக்கங்களை வாசித்து முடிப்பதற்குள் 'இன்னும் நேரம் வேண்டுமா' என்று அது கேட்கிறது. உடனே அம்மாவின் கை நடுங்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது அபாயகரமான பொருள்கள் பற்றிய பக்கம். லைட்டர், பேட்டரி, பெயின்ட் என்று வரிசையாகப் படம் போட்டு, இவை இல்லை என்று உறுதி சொல்லச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவர்களைப் பாருங்கள், பாதிப் பேர் படத்தைப் பார்க்காமலே பட்டனை அமுக்குகிறார்கள். கவுண்டரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து "பவர் பேங்க் பெட்டிக்குள்ள இருக்காம்மா?" என்று கேட்டால் அம்மா ஒரு நொடி யோசித்து, "இருங்க, பேரன் ஒண்ணு குடுத்தான்" என்று ஜிப்பைத் திறப்பார். பவர் பேங்க் பெல்ட்டில் போகும் பெட்டிக்குள் இருக்கவே கூடாது, அதில் உள்ள லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கறையில் அணைக்க ஆள் கிடையாது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு பட்டனுக்கு விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெட்டிக்கு டேக் ஒட்டுவதும் இப்போது நம் வேலை. ரிப்பன் மாதிரி நீளமாக வருகிறதே, அதைக் கைப்பிடிக்குள் நுழைத்து, முதுகுத் தாளை உரித்து, இரண்டு முனையையும் நேருக்கு நேர் ஒட்ட வேண்டும். கோணலாக ஒட்டிப் பார்கோடு மடிந்துபோனால் உள்ளே இருக்கும் ஸ்கேனருக்கு வாசிக்க வராது. போன பயணத்தின் பழைய ஸ்டிக்கரை உரிக்காமல் விட்டால் அதுவும் குழப்பும். அந்த டேக்கில் 10 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கத்தை விட்டுவிட்டு அடுத்த 3 இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும், கடைசி 6 உங்கள் பெட்டிக்கானது. பெட்டி காணாமல் போனால் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். கூட வரும் குட்டி ஒட்டுச்சீட்டு அதற்குத்தான். தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். இதையெல்லாம் கவுண்டரில் ஒருவர் நமக்காகச் செய்து, சீட்டைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது எழுபது வயதுக்காரர் குனிந்து ஒட்டுகிறார்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு ஒரே பெயர். தாத்தாவின் பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. நம்மில் ஏராளமானவர்களுக்கு இப்படித்தான். ஆனால் டிக்கெட் எடுக்கும் இணையதளம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட சம்மதிக்காது. ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்லும், இன்னொன்று வேறு ஏதாவது வழி சொல்லும். ஆகவே டிக்கெட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. மெஷின் பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளை வாசிக்கிறது. வரிக்கு 44 எழுத்து, பெயர் முதல் வரியில். அதில் உள்ளதும் டிக்கெட்டில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால் ஊழியரைப் பார் என்று கைவிரித்துவிடும். அப்பாவுக்கு இப்படி நடப்பது வழக்கமாகிவிட்டது. தன்னிடம் ஏதோ தப்பு இருப்பதாக ஒரு மெஷின் எல்லார் முன்னாலும் சொல்வதை அவர் விரும்பவில்லை. பின்னால் நிற்பவர்கள் அவரைப் பார்க்கும் பார்வையையும்தான்.

நீளப் பெயர்க்காரர்கள் பாடு இன்னொரு வகை. போர்டிங் பாஸ் பார்கோடில் பெயருக்கு இருக்கும் இடம் 20 எழுத்து. வெங்கடசுப்பிரமணியன் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அதிலேயே 18 போய்விடும். மிச்சத்தில் அவருடைய அப்பா பெயரை எங்கே வைப்பது? வால் வெட்டுப்பட்ட பெயரோடு சீட்டு வரும், அவர் கவலையோடு கவுண்டரில் போய்க் கேட்பார், அவர்கள் "பரவாயில்லை சார், இது செல்லும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் போகிறார்.

இது சும்மா மனச்சங்கடத்தோடு முடிகிற சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விட முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் வேறொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிற்பாடு விளக்கம் வந்தது. அந்த நாட்களில் துபாய்க்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த எத்தனை தமிழ்க் குடும்பங்கள் கலங்கியிருக்கும்! பெயர் என்றால் இரண்டு பகுதி இருந்தே தீரும் என்று யாரோ எங்கோ முடிவு செய்துவிட்டார்கள். அதை மெஷினில் ஏற்றிய பிறகு வாதாடக்கூட இடமில்லை. அப்பாவுக்கு இதில் இருக்கும் கோபம் எனக்கும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெஷின் நம்மைத் திருப்பி அனுப்புவது எல்லா நேரமும் கோளாறினால் அல்ல. விசா இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் அந்தப் பயணியைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும், பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால்தான் விசா தேவைப்படும் பயணம் என்றால் ஒரு மனிதர் காகிதத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. திருச்சியிலிருந்து பெற்றோர் இங்கே வரும்போதும் விசாவை, வருகை அட்டையைக் கவுண்டரில் பார்த்துத்தான் அனுப்புவார்கள். எப்படியும் மனிதர் பார்த்தாக வேண்டும் என்று இருக்கும் இடத்தில், முதலில் மெஷினிடம் போய்த் தோற்றுவிட்டு வா என்று பயணியை விரட்டுவது எதற்கு?

கவுண்டருக்குப் போனால் காசு என்பதுதான் என்னால் ஏற்கவே முடியாதது. இந்தியாவில் 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது, கொரோனா தொற்றுக்காக வெப் செக்-இன் கட்டாயம் என்றார்கள். அப்போது அது சரி. அப்புறம் கவுண்டரில் போர்டிங் பாஸ் கேட்டால் 200 ரூபாய் என்று ஆனது. 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் தலையிட்டு, இப்படி வாங்குவது 1937ஆம் ஆண்டு விமான விதிகளின்படி செல்லாது என்று சொன்னது. நல்ல காரியம். ஐரோப்பாவில் ரயன்ஏர் மாதிரி நிறுவனங்கள் இணையத்தில் செக்-இன் செய்யாமல் வருபவரிடம் 55 யூரோ வரை வாங்குகின்றன. டிக்கெட்டில் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறோம் என்பார்கள். கைவிரல் நடுங்குகிறவரிடமும் கண் தெரியாதவரிடமும் வாங்கித்தான் மிச்சம் பிடிக்க வேண்டுமா?

என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்குக் கண்பார்வை இல்லை. தொடுதிரை அவருக்கு வெறும் கண்ணாடிப் பலகை. "ஹெட்போன் செருகி, அது பேசி, நான் தடவிப் பார்க்க நாலு பட்டன் இருந்தால் போதும், நானே செய்துகொள்வேன்" என்கிறார். செய்ய முடியாத காரியம் இல்லை இது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2013லேயே விதி போட்டு, ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் மெஷின்களில் குறைந்தது 25 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது, செக்-இன் மெஷின்களும் அதற்குள் வருகின்றன. நம் ஊர்களிலும் வர வேண்டும்.

அப்புறம், மெஷின் படுத்துவிட்டால்? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு மென்பொருள் புதுப்பிப்பால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பேனாவில் பெயரும் இருக்கை எண்ணும் எழுதிய அந்தச் சீட்டைப் பலர் படமெடுத்துப் பகிர்ந்தார்கள், பார்த்திருப்பீர்கள். 2025 செப்டம்பரில் காலின்ஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் செக்-இன் மென்பொருள் மீது இணையத் தாக்குதல் நடந்தபோது லண்டன் ஹீத்ரோ, பிரஸ்ஸல்ஸ், பெர்லின் விமான நிலையங்கள் எல்லாம் திணறின. பிரஸ்ஸல்ஸில் ஏராளமான விமானங்களை ரத்து செய்தார்கள். அன்றைக்கெல்லாம் ஓரளவாவது வேலை ஓடியது என்றால் கவுண்டரில் வேலை தெரிந்த ஆட்கள் இருந்ததால்தான். அவர்களை ஒவ்வொருவராகக் குறைத்துக்கொண்டே போனால் அடுத்த தடவை யார் எழுதுவார்கள்?

பெற்றோர் வழக்கமாக வரும் விமான நிறுவனத்தின் கருத்துப் படிவத்தில் இதையெல்லாம் சுருக்கி எழுதி அனுப்பியிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் வரிசைக்கு ஒரு ஊழியர், திருச்சி விமான நேரத்தில் தமிழ் தெரிந்தவராக இருந்தால் நல்லது. திரையில் தமிழ். ஒற்றைப் பெயர் டிக்கெட்டில் இருந்தால் அதை ஏற்கும்படி மென்பொருளில் ஒரு திருத்தம். கவுண்டருக்கு வர எந்தக் கட்டணமும் கூடாது. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். நீங்களும் அடுத்த பயணம் முடிந்ததும் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், குறிப்பாக ஒற்றைப் பெயர்க்காரர்கள்.

அதுவரைக்கும் அவர்களுக்கு ஒரு யோசனை. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அந்த நிறுவனத்தின் தளத்தில் குடும்பப் பெயர் இல்லாதவர் என்ன எழுத வேண்டும் என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள், அதை அப்படியே எழுதுங்கள், அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் கேள்வி வந்தால் அந்தப் படத்தைக் காட்டிவிடலாம். அப்பாவின் போனில் நான் அப்படித்தான் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.