பழைய மரத்தரை: மெஷினைப் போடும் முன் தடிமனைப் பாருங்கள்

மரத்தரை மங்கிப்போனதும் மரத்தை உப்புத்தாளால் தேய்த்தெடுக்கும் சாண்டிங் மெஷினை வாடகைக்கு எடுக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பல தரைகளுக்கு அது தேவையே இல்லை. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் பிடிப்போடு இருக்கிறது. நன்றாகத் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டு, மேலே ஒரு கோட் அடித்தால் போதும். ஆனால் பெயின்ட் தின்னர் (மினரல் டர்பன்டைன்) நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் முதலில் தேய்த்துப் பார்க்கவும். மஞ்சளாகப் பிசுபிசுவென்று வந்தால் அது மெழுகு. அதன் மேல் அடிக்கும் வார்னிஷ் உரிந்து வந்துவிடும்.

தண்ணீர் உடனே இறங்கி மரம் கருத்தால் சாண்டிங்தான் வழி. கெட்டி மரப்பலகை புதிதில் பெரும்பாலும் 19 மி.மீ. தடிமன். அதில் நாக்குக்கு (பக்கத்துப் பலகையின் காடி என்ற பள்ளத்தில் செருகும் ஓர நீட்டல்) மேலே தேயக் கொடுத்திருப்பது ஏறக்குறைய 6 மி.மீ. மட்டும்தான். ஒவ்வொரு முழு சாண்டிங்கும் முக்கால் முதல் 1 மி.மீ. வரை தின்றுவிடும். கதவடிப் பட்டையைக் கழற்றினால் பலகையின் வெட்டுமுகம் தெரியும். ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம். பலகை விளிம்பில் ஆணித்தலை எட்டிப்பார்த்தாலோ, காடியின் மேல் உதடு சிம்பு சிம்பாகப் பெயர்ந்தாலோ அந்தத் தரைக்கு இனி மெஷின் ஆகாது.

பலகைகள் நடுவில் குழிந்து ஓரங்கள் தூக்கியிருந்தால் அடியில் ஈரம் இருக்கிறது என்று பொருள். அப்படியே இழைத்துச் சமமாக்குவதுதான் பெரிய தவறு. பின்னால் ஈரம் காய்ந்ததும், தேய்த்த ஓரங்கள் தாழ்ந்து நடு மேடிட்டுவிடும். முதலில் கசிவை அடைத்து, ஈரமானியில் அளவு நிலையாகும் வரை காத்திருங்கள். அதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

சாண்டிங்கில் 36 அல்லது 40ஆம் எண் தாளில் தொடங்கி 60, 80, 100 என்று போகவும் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்). நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய தாளின் கோடு அப்படியே தங்கி, வார்னிஷ் அடித்த பிறகுதான் கண்ணில் படும். டிரம் மெஷினை (உருளையில் தாள் சுற்றிய சாண்டிங் மெஷின்) நின்ற இடத்தில் தரையில் இறக்கினால் குழி நிச்சயம். நடக்கத் தொடங்கிய பிறகு இறக்கி, நிற்பதற்கு முன் தூக்கிவிடவேண்டும். மூலைகளுக்குச் சுரண்டிதான் நல்லது. பழைய பெயின்ட்டில் ஈயமும், பழைய டைல் ஒட்டிய கருப்புப் பசையில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். பரிசோதிக்காமல் தேய்க்கவே கூடாது.

கெட்ட பலகையை மாற்றப் பழைய மரம் வாங்கினால் தேவைக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் சேர்த்து வாங்கவும். வெடிப்பு, ஆணி ஓட்டை, உளுத்த முனை என்று அவ்வளவு கழிந்துவிடும். உளுப்பூச்சி வைரத்தை (மரத்தின் கெட்டியான உள்பகுதி) விட்டு வெளிப்புற வெளிர் மரத்தைத்தான் தின்னும். குண்டூசித் தலை அளவு துளையிலிருந்து மாவு போன்ற தூள் புதிதாகக் கொட்டினால் பூச்சி உள்ளே இருக்கிறது. அறுக்கும் முன் மெட்டல் டிடெக்டரை இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். முறிந்து உள்ளே நிற்கும் ஒரே ஒரு ஆணி போதும், பிளேடு போய்விடும்.

மாற்றும் பலகையை வேலை நடக்கும் அறையிலேயே அடுக்கிவைத்துப் பழகவிட்டு, அடித்தரைக்கும் அதற்கும் ஈர வித்தியாசம் 4 சதவீதத்துக்குள் (அகலப் பலகைக்கு 2) வந்த பிறகு பதிக்கவும். பழுதான பலகையின் நடுவே நீளவாக்கில் இரண்டு கோடு அறுத்து, முதலில் நடுத்துண்டையும் பிறகு ஓரங்களையும் உளியால் எடுக்கவேண்டும். பக்கத்துப் பலகையின் நாக்கு உடையக் கூடாது. புதுப் பலகையின் காடியில் கீழ் உதட்டைச் சீவிவிட்டால்தான் மேலிருந்து இறங்கும்.

ஓக் போன்ற டானின் (மரத்தில் இயல்பாக உள்ள துவர்ப்புப் பொருள்) மிகுந்த மரத்தில் ஆணியைச் சுற்றிய கருங்கறை இழைத்தாலும் போகாது. இரும்பும் டானினும் சேர்ந்த கறை அது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். காய்ந்த அதன் தூள் மூச்சுக்கு ஆகாது என்பதால், பலமுறை நீரால் துடைத்த பிறகே மறுபடி சாண்டிங்.

மேல்பூச்சு வார்னிஷில் எண்ணெய் வகை பாலியுரித்தேன் மரத்தை மஞ்சளாக்கும், நீர் வகை நிறத்தைப் பெரிதாக மாற்றாது. முழுதாகச் சாண்டிங் செய்த தரைக்கு எதுவானாலும் பொதுவாக இரண்டு மூன்று கோட் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே தட்டையாக விரித்துக் காயவைக்கவும். சாண்டிங் தூள் நிறைந்த பையும் அப்படித் தீப்பிடிக்கலாம்; அதை இரவில் வீட்டுக்குள் வைக்க வேண்டாம்.