பர்மா தேக்கில் எங்கள் வாசக மேடை

தேவகோட்டைப் பக்கத்துச் சிறிய கத்தோலிக்கக் கோவில் எங்களுடையது. பல ஆண்டுகளாக ஓர் இரும்புத் தாங்கியில் வைத்துத்தான் இறைவார்த்தையை வாசித்தோம். பக்கம் புரட்டினால் ஆடும். திருவிழா ஏலத்துக்கும் அதே தாங்கிதான். எனக்கு அது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

பங்குமக்களின் குழுவான பங்குப் பேரவையில் பேச்சு எழுந்ததும் பங்குத்தந்தை, திருப்பலி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் திருச்சபை விதிகளான திருப்பலி நூலின் பொது நெறிகளில் 309-ஆம் எண்ணை வாசித்துக் காட்டினார். இறைவார்த்தையை வாசிக்கும் மேடை பொதுவாக நிலையானதாக இருக்க வேண்டும். தூக்கி நகர்த்தும் தாங்கி போதாது. வாசகங்கள், வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல், உயிர்ப்புப் பெருவிழா இரவில் பாடும் பாஸ்கா புகழுரை மூன்றும் அங்கிருந்துதான். மறையுரையும் மன்றாட்டும் அங்கே நடக்கலாம். இறைவார்த்தைப் பணியாளர் தவிர வேறு யாரும் அங்கு நிற்கக் கூடாது. ஏலத்துக்கு வேறு இடம் பார்த்தோம். வரைபடத்துக்கு மறைமாவட்ட ஒப்புதலும் கிடைத்தது.

மரத்துக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பிரித்த செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் அங்கே பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். நகரத்தார் ஒரு காலத்தில் கப்பலேற்றிக் கொண்டுவந்த பர்மா தேக்கு. வேலைப்பாடு இல்லாத, அடியில் வெடித்த ஒரு தூணை எடுத்தோம். வெடிப்பால் விலை குறைந்தது. ஆசாரி உடனே வாளைத் தொடவில்லை. "சாமி, பழைய மரத்துக்குள்ளே ஆணி இருக்கும்" என்று பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு, காந்தத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டினார். நான்கு ஆணிகள் வந்தன. அறுத்தபோது கறுத்த மேற்பரப்புக்கு அடியில் பொன்னிறம். எண்ணெய்ப் பசையோடு எழுந்த அந்த வாசனை இரண்டு நாள் கோவிலில் நின்றது.

உயரத்தை முன்பே அட்டைப் பெட்டியில் செய்து மூன்று ஞாயிறு வாசித்துப் பார்த்திருந்தோம். குள்ளமான வாசகர்களுக்கு ஒரு படிப்பலகை சேர்ந்தது அதனால்தான்.

தரையை மட்டும் மறந்துவிட்டோம். மேடையைப் பதிக்கத் தோண்டியதில், தரையில் பதித்திருந்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கற்கள் ஆறு உடைந்தன. நெஞ்சு பதறிவிட்டது. ஆத்தங்குடிக்கே போய் அதே பூவைச் செய்யச் சொன்னோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டுத் தண்ணீரில் ஊறவைத்துத் தருகிறார்கள், சூளை கிடையாது. இதே வேலையில் இறங்குகிறவர்கள் தரையை முதலில் பாருங்கள்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்கு முன் மேடையை மந்திரித்து (ஆசீர்வதித்து), அன்றிரவே அதிலிருந்து புகழுரை பாடினோம். அந்த ஆறு கற்களும் இன்னும் புதிதாகத்தான் தெரிகின்றன. கோவில் கூட்டும் அக்கா சனிக்கிழமைதோறும் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறார்.