வாய்ப் புற்றுச் செல்களில் பிஎம்பி-2: சோதனை எங்கே சறுக்குகிறது

தாடையில் புற்றுக்கட்டியை எடுத்த இடத்தில் எலும்பு வளர, எலும்பு உருவாக்கத்தைத் தூண்டும் பிஎம்பி-2 புரதத்தை வைக்கலாமா? அமெரிக்காவில் 2007-இல் பல் பதியும் தாடை எலும்பை உயர்த்த அனுமதி பெற்ற தயாரிப்பின் குறிப்பிலேயே, கட்டி உள்ள இடத்துக்கும் எடுத்த இடத்துக்கும் அருகில் வைக்கக்கூடாது என்று இருக்கிறது. அந்தத் தடைக்கான காரணத்தைச் செல்களில் தேடினால் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படும். புரதத்தைக் கையாண்ட விதம் அதில் பாதிக்குக் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

பிஎம்பி-2 நடுநிலை பிஎச்-இல் சரியாகக் கரையாது, பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.1% ஆல்புமின் சேர்த்து, மில்லிக்கு 100 மைக்ரோகிராம் அளவில் கரைத்துக்கொள்கிறோம். ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறையவைத்தால் திரும்பத் திரும்ப உருக்க வேண்டியதில்லை. 1 மில்லி மீடியத்தில் 1 மைக்ரோலிட்டர் விட்டால் 100 நானோகிராம். பிஎம்பி-2 சேர்க்காத கன்ட்ரோல் கிணறுகளுக்கும் (செல் வளர்ப்புத் தட்டின் குழிகள்) அதே அமில-ஆல்புமின் கரைசல் போக வேண்டும். வெறும் மீடியம் போதாது.

புதுக் குப்பி வந்ததும் முதலில் சி2சி12 எலித் தசைச் செல்களில் மில்லிக்கு 300 நானோகிராம் கொடுத்துப் பாருங்கள். சில நாட்களில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (செல் எலும்புச் செல்லாக மாறுவதைக் காட்டும் நொதி) கூடாவிட்டால் அந்தப் புரதம் வேலை செய்யவில்லை. அதை எஸ்சிசி-25 என்ற நாக்குப் புற்றுச் செல்லில் போட்டு 'விளைவு இல்லை' என்று எழுதுவது பெரும் பிழை.

செல்களை 0.5% சீரத்தில் ஓரிரவு வையுங்கள். சீரத்திலேயே பிஎம்பி இருப்பதால் 10% சீரத்தில் வித்தியாசம் மறைந்துபோகும். புரதம் சேர்த்து 30, 60 நிமிடங்களில் செல்களை உடைத்து, பாஸ்போ-ஸ்மாட் 1/5-க்கு, அதாவது பிஎம்பி சிக்னல் வந்ததும் பாஸ்பேட் ஏறும் ஸ்மாட் புரதங்களுக்கு, வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் படலத்தில் பட்டையாகக் காட்டும் சோதனை) பாருங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்மாடில் பாஸ்பேட் ஏறுவது செரினில். செல்லை உடைக்கும் கரைசலில் சேர்க்கும் வனடேட் தடுப்பதோ டைரோசினிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதிகளான டைரோசின் பாஸ்பட்டேஸ்களை. ஆகவே செரின் பாஸ்பட்டேஸ்களைத் தடுக்கும் சோடியம் புளோரைடும் சேர்த்தால்தான் பட்டை நிற்கும். இல்லையென்றால் சிக்னல் இருந்தும் படலம் வெறுமையாக வரும்.

பெருக்கத்தையும் ஊடுருவலையும் சேர்த்துப் பேசக்கூடாது. பெருக்கம் மாறாமலே ஊடுருவல் கூடலாம். எம்டிடி என்ற நிறச் சோதனை அளப்பது வளர்சிதை மாற்றத்தைத்தான், செல் எண்ணிக்கையை அல்ல. 24, 48, 72 மணியில் டிரைபேன் ப்ளூ (இறந்த செல்லில் மட்டும் ஏறும் சாயம்) வைத்து எண்ணிக்கை எடுங்கள். ஊடுருவலுக்கு 8 மைக்ரான் துளையுள்ள டிரான்ஸ்வெல், அதாவது கிணற்றுக்குள் வைக்கும், அடியில் துளைச் சவ்வுள்ள இன்சர்ட். அதன்மேல் மேட்ரிஜெல்லை (செல்கள் துளைத்துக் கடக்க வேண்டிய, சூட்டில் உறையும் புரதக் கூழ்) பனிக்கட்டியில், குளிர்வித்த டிப்பால் ஊற்ற வேண்டும். கை சூடேறினால் ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்துவிடும், செல்கள் மெலிந்த இடம் வழியாகவே இறங்கும். மேட்ரிஜெல் இல்லாத இன்சர்ட் ஒன்றும் கூடவே ஓட வேண்டும். அப்போதுதான் வெறும் நகர்வு எவ்வளவு, ஊடுருவல் எவ்வளவு என்று பிரிக்க முடியும்.

பிஎம்பியைப் பிடித்துத் தடுக்கும் புரதமான நாகின் சேர்த்த கிணறுகளை இரண்டு விதமாக வையுங்கள்: பிஎம்பி-2 உடன் ஒன்று, தனியாக ஒன்று. தனி நாகினே ஊடுருவலைக் குறைத்தால், அந்தச் செல்கள் தாமே பிஎம்பி சுரந்து அதில் ஓடுகின்றன என்று சந்தேகிக்கலாம். அத்தகைய செல்லில் வெளியிலிருந்து சேர்ப்பது பெரிதாக எதையும் காட்டாமல் போகலாம். அதைப் 'பாதுகாப்பானது' என்று படிக்கக்கூடாது. இன்னொன்று, அறுவை அரங்கில் கொலாஜன் பஞ்சில் ஊறுவது மில்லிக்கு 1.5 மில்லிகிராம். நம் தட்டில் உள்ள மில்லிக்கு 100 நானோகிராமைவிட அது 15,000 மடங்கு.