பொழுது சாய்ந்தால் இடம் காட்டுவதில்லை

நான் கோயமுத்தூர் பக்கம் நிலம், வீடு விற்றுக்கொடுக்கும் புரோக்கர். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் இப்படி ஒரு போன் வரும். "அன்னூர் பக்கம் ஒரு ஏக்கர் காடு இருக்குன்னாங்க, இப்பவே பார்க்கலாங்களா?" காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம். எந்த ஊருங்க, யார் சொன்னாங்க என்று கேட்டால் மழுப்பல். நான் சொல்வது ஒன்றுதான்: காலையில வாங்க, மெயின் ரோட்டு பேக்கரியில ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்.

அந்த டீ சும்மா இல்லை. பேக்கரியில் நாலு பேர் இருப்பார்கள், கேமரா இருக்கும், கார் நம்பரை வீட்டு வாட்ஸப்புக்கு அனுப்ப நேரம் கிடைக்கும். ஊரும் தொழிலும் விசாரித்தால் நம்ம பக்கத்தில் எப்படியும் தெரிந்தவர் ஒருத்தர் அகப்பட்டுவிடுவார். நிஜமாக வாங்க வருகிறவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால் போகட்டும், பெண்ணாக இந்தத் தொழில் செய்யும் எனக்கு அந்தக் கமிஷன் வேண்டாம்.

பார்ட்டியின், அதாவது வாங்க வருகிறவர்களின் காரில் ஏறுவதில்லை, என் ஸ்கூட்டரில்தான் போவேன். இட்டேரிக்குள், அதாவது இரண்டு பக்கமும் வேலி உள்ள குறுகிய தடத்துக்குள் நுழைந்தால் வண்டியைத் திருப்பி வெளியே பார்த்து நிறுத்திவிட வேண்டும், பிறகு அவசரத்துக்குத் திருப்ப அங்கே இடம் இருக்காது. காலி வீடு என்றால் பார்ட்டியை முன்னால் விட்டு நான் வாசல் பக்கமே நிற்பேன், மாடிக்கு அவர்களே போய்ப் பார்த்து வரட்டும். ஒரிஜினல் பத்திரம் கையில் கிடையாது, ஜெராக்ஸ்தான். ரொக்கமும் கிடையாது. நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று 2015 ஜூனிலிருந்தே வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். பணக்கட்டோடு திரியும் புரோக்கர் என்று பேர் வாங்காமல் இருக்க எனக்கு இந்தச் சட்டம் நல்ல சாக்கு.

ஆனால் பார்ட்டியை விட எனக்குப் பயம் பங்காளிகள்தான். பாகம் பிரியாத பூமியை அண்ணன் விற்கச் சொல்லியிருப்பார், நாம் போய் நின்றால் தம்பி ஆள்களோடு வந்து நிற்பார், அடி நமக்குத்தான் விழும். வில்லங்கம், அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம், ஆன்லைனிலேயே பார்த்துவிடலாம், ஆனால் பதிவாகாத சண்டை அதில் தெரியாதே! அதனால் பார்ட்டியைக் கூட்டிப்போவதற்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், ஒரு தடவை பேச்சுக் கொடுத்துவிடுவேன், ஆத்தாமார்களுக்குத் தெரியாத வழக்கு எதுவும் கிடையாது.

தொண்டாமுத்தூர், காரமடை அடிவாரத் தோட்டம் என்றால் பொழுது சாய்ந்தபின் யானைக்குத்தான் முதல் உரிமை. புல் மூடிய காட்டில் சுவரில்லாத கிணறு வேறு இருக்கும், அளவு காட்டுகிறேன் என்று போனைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள்.

ஆம்பளைதானே என்று தனியாகக் கிளம்பும் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 112 தெரிந்திருக்கும், தமிழ்நாடு போலீசின் காவல் உதவி செயலியையும் போனில் போட்டு வையுங்கள். உள்காட்டில் டவர் போய்விடும், அதனால் மெயின் ரோட்டிலேயே லொகேஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எந்த நேரத்துக்குள் நீங்கள் கூப்பிடவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.