ஆகட்டுங்க ஐயா

காணிக்கையாக வந்த விளைபொருள்களை ஏலம் விடும் எங்கள் தேவாலயத்து அறுப்பின் பண்டிகையில், ஏலம் முடிந்த மதியம் சபைப் பொருளாளர் போதகரான என்னிடம் சொன்னது இரண்டே சொற்கள். நான்கு ஆண்டுகள் கடந்தும் அவற்றுக்கு என்ன பொருள் என்று என்னால் முடிவுகட்ட இயலவில்லை.

கோபியிலிருந்து வந்த ஒரு கதலித் தாரைச் சபையின் மூத்த குடும்பத்துப் பெரியவர் 22,000 ரூபாய்க்கு ஏலம் எடுத்திருந்தார். பணத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கவில்லை. மஞ்சள், தேங்காய், கோழி, ஆட்டுக்கிடாய் எல்லாம் போய்க் கையில் சேர்ந்தது 1,83,400. இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொல்ல எனக்கு ஆசை இருந்தது. அந்த ஆசைக்கு அப்போது நான் வைத்திருந்த பெயர், சபையாரை உற்சாகப்படுத்துதல். "தம்பி, தாரையும் சேர்த்தே கூட்டிருங்க. பெரியவரு எங்க போயிடப் போறாரு?" என்றேன் பொருளாளரிடம். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "ஆகட்டுங்க ஐயா" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஆகட்டும் என்பது எப்போதும் சம்மதமாகிவிடாது. எதிர்த்துப் பேச மனமில்லாதவர், காதில் வாங்கிக்கொண்டேன் என்பதற்கும் அதையேதான் சொல்வார். தாராபுரத்துக்காரனான எனக்கு இது தெரியாததல்ல.

அவர் நீட்டிய தாளில், "கையில் வந்தது 1,83,400" என்று ஒரு வரி. அதன் கீழே, "தார், வர வேண்டியது 22,000" என்று இன்னொரு வரி. அடிக்கோல் வைத்துக் கோடு போட்டிருந்தார். கோட்டுக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. கூட்டியது நான்தான். 2,05,400 என்றதும் கைதட்டல் எழுந்தது.

மூன்றே வாரத்தில் பெரியவர் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் அறிவித்தது பொய்யாகிவிடவில்லை என்று அதை வைத்தே பல இரவுகள் எனக்குள் வாதாடியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்பே, சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டி கூடியது. அறிவித்த தொகை ஒன்று, வங்கியில் கட்டியது ஒன்று ஆனதேன் என்று ஒருவர் கேட்டார். பொருளாளர் எழுந்து, "தார் பணம் இன்னும் வரலைங்க. நாந்தான் ஐயாகிட்டத் தெளிவா எடுத்துச் சொல்லாம விட்டுட்டனுங்க" என்றார். நான் பேசவில்லை. பேசியிருந்தால் எல்லார் முன்பும் அவரைப் பொய்யராக்கியதாகியிருக்கும் என்பது என் சமாதானம். அதில் பாதி உண்மைகூட இல்லை.

பண்டிகைக் காலைப் பிரசங்கத்தில்தான், லண்டன் மிஷன் என்ற இங்கிலாந்து மிஷனரிச் சங்கம் 1830இல் கோவையில் ஊழியம் தொடங்கிய பிறகு ஊர் ஊராக நடந்து அலைந்து வேதம் சொன்ன, எந்தக் கல்வெட்டிலும் பெயர் ஏறாத உபதேசிமாரைப் பற்றி மனமுருகிப் பேசியிருந்தேன்.

சில நாள்களில் அவர்மீது கோபமும் வருகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் அத்தனை பேருக்கு நடுவே கணக்கில் கறாராக நிற்கிற மனிதர், "இது சரியில்லைங்க ஐயா" என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா? மத்தேயு சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டத்தில் வேலை செய்யப் போகும்படி தகப்பன் சொன்ன இரண்டு குமாரர் வருகிறார்கள்; மாட்டேன் என்றவன் பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான், "போகிறேன் ஐயா" என்றவன் போகவில்லை. அந்தக் கணக்கில் இவர் இரண்டாமவர் என்று ஒருமுறை எண்ணி ஆறுதல் தேடியதுண்டு. ஆனால் அங்கே திராட்சத்தோட்டம் தகப்பனுடையது. நான் தகப்பன் அல்ல; அவரைப் போல அனுப்பப்பட்ட இன்னொருவன். அவர் யாருக்குக் கீழ்ப்படிந்தார் என்ற கேள்வியை விட, நான் யாருடைய குரலில் கட்டளையிட்டேன் என்பதே இப்போது உறுத்துகிறது.

அடுத்த கமிட்டித் தேர்தலில் அவர் நிற்கவில்லை. அவருக்கு இரவு வேலை அதிகம் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். நிற்கச் சொல்லி ஒரு வார்த்தை நானும் கேட்கவில்லை.

போன ஞாயிறு, ஆராதனை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், இந்த ஆண்டு ஏலத்துக்குக் கணக்கெழுத வர முடியுமா என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்து, "ஆகட்டுங்க ஐயா" என்றார். அப்படியென்றால் வருகிறீர்களா என்று திருப்பிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.