சிறு பட்டறை ஸ்பீக்கரா, பெரிய கம்பெனி ஸ்பீக்கரா?

பெரிய கம்பெனி காசை மிச்சம் பிடிப்பது மரப்பெட்டியிலும், உள்ளே இருக்கும் கெபாசிட்டர் போன்ற மின் பாகங்களிலும். சிறு பட்டறை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் அளந்து பார்க்கிற வேலையில். எந்தப் பக்கம் போனாலும் அந்தந்த இடத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

விலையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் நல்ல சாட்சி. பல பத்து லட்ச ரூபாய் விலையுள்ள டேட் ரெஃபரன்ஸ் ஒன் ஸ்பீக்கர் அவர் வடிவமைத்தது. ஜோடி 130 டாலருக்கு விற்ற பயனியர் எஸ்பி-பிஎஸ்22-ம் அவர் வடிவமைத்ததுதான். கனத்த ஒலிக்கு 4 அங்குல வூஃபர், கீச்சு ஒலிக்கு 1 அங்குல ட்வீட்டர், பக்கங்கள் வளைந்த சின்னப் பெட்டி. அந்த விலையில் ட்வீட்டருக்கு ஒரே ஒரு கெபாசிட்டரை மாட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. இந்தப் பயனியரில் ஒழுங்கான கிராஸ்ஓவர், அதாவது ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட், இருந்தது.

சிறு பட்டறைகள் பலவும் வூஃபரையும் ட்வீட்டரையும் தாங்களே செய்வதில்லை. டென்மார்க்கின் ஸ்கேன்-ஸ்பீக், நார்வேயின் சியாஸ் போன்றவர்களிடம் வாங்கிப் பூட்டுகிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. பிபிசி வடிவமைத்து ரோஜர்ஸ், ஸ்பெண்டார் போன்றவர்கள் உரிமம் பெற்றுச் செய்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கருக்குள் இருந்ததும் கெஃப் கம்பெனியின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும்தான். ஆக, பட்டறைக்காரரிடம் நாம் காசு கொடுப்பது பெட்டிக்கும் கிராஸ்ஓவருக்கும். சறுக்கலும் அந்த கிராஸ்ஓவரில்தான் நடக்கிறது.

ஆறரை அங்குல வூஃபரை எடுத்துக்கொள்வோம். அதில் அசைகிற கோனின் குறுக்களவு சுமார் 13 செ.மீ. ஒலியின் அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்குவது சுமார் 2,600 ஹெர்ட்ஸில். அதை நெருங்கும்போதே ஒலி டார்ச் வெளிச்சம் போலக் குறுகத் தொடங்கிவிடும். வூஃபரிலிருந்து ட்வீட்டருக்கு மாறுவதை 3,500 ஹெர்ட்ஸில் வைத்தால், அதுவரை பக்கவாட்டில் குறைந்துகொண்டே வந்த ஒலி சட்டென்று மறுபடி விரியும். நேர் எதிரே உட்கார்ந்தால் இது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பக்கச் சுவரில் பட்டுத் திரும்புவது அந்தக் கோணலான ஒலிதான். பாடகரின் 'ஸ', 'ச' எல்லாம் குத்தும். ட்வீட்டரைச் சுற்றி ஆழமில்லாத கிண்ணம் போல ஒரு வேவ்கைட் வைத்தால் இது சரியாகும். அதற்கு அச்சு செய்ய நிறையச் செலவாகும். லட்சக்கணக்கில் விற்கிற கம்பெனிக்கு அது பெரிய விஷயமில்லை, வருடத்துக்கு ஐம்பது ஜோடி செய்கிறவருக்குக் கட்டுப்படியாகாது.

இன்னொரு தவறு, பெட்டியின் முன்முகத்து அகலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. 115-ஐ அகலத்தால் (மீட்டரில்) வகுத்தால் கிடைக்கிற ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் போகத் தொடங்கும். 20 செ.மீ. அகலத்துக்கு அது 575. இழப்பு 6 டெசிபல் வரை போகலாம். அதை ஈடுகட்ட அந்த ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைக் கிராஸ்ஓவரில் தணிக்க வேண்டும்; தணித்தால் சென்சிட்டிவிட்டி (ஒரே மின்சக்திக்கு எவ்வளவு உரக்கப் பாடும் என்ற அளவு) 90 டெசிபலிலிருந்து 85-க்கு வந்துவிடும். விளம்பரத்தில் 90 என்று போட ஆசைப்பட்டு இதை விட்டுவிட்டவர்களின் ஸ்பீக்கரில் மிருதங்கம் கேளுங்கள். வலந்தலை துள்ளும், தொப்பியின் கனம் இருக்காது.

வாய்ப்பிருந்தால் வூஃபரைக் கழற்றிப் பாருங்கள். பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து ஸ்க்ரூக்களை எடுங்கள், எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு உருவுங்கள். உள்ளே கிராஸ்ஓவரின் காயில்கள் (கம்பிச்சுருள்கள்) ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தள்ளி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வாக்கில் ஒட்டிப் படுத்திருந்தால் ஒன்றின் காந்தப்புலம் அடுத்ததில் ஏறும். ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஃபிலிம் கெபாசிட்டர் இருந்தால் நிம்மதி. எலெக்ட்ரோலிடிக் இருந்தால் பாவமில்லை, பதினைந்து இருபது வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பட்டறைக்காரரிடம் கழற்றச் சொல்லக் கூச்சமாக இருந்தால் போட்டோ கேளுங்கள். கூடவே ஸ்பினோராமா அளவும் கேளுங்கள்: ஸ்பீக்கரைச் சுற்றி 10 டிகிரிக்கு ஒன்றாக, படுக்கைவாக்கிலும் செங்குத்திலும் மொத்தம் 70 இடங்களில் எடுக்கும் அளவு. "காதால் கேட்டுத்தான் டியூன் செய்கிறோம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் நான் விலகிவிடச் சொல்வேன்.

கேட்டு ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமன் செய்யாவிட்டால் எல்லாம் வீண். பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான 'உஸ்' என்ற இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் போனை வைத்து ஒலி அளவைப் பார்த்து, ஒப்பிடும் ஸ்பீக்கர்களை அரை டெசிபலுக்குள் கொண்டு வாருங்கள். சற்றே உரக்கப் பாடுவது எப்போதும் நன்றாகத் தோன்றும். முடிந்தால் திரை போட்டுக் கேளுங்கள். 1994-ல் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களை மறைத்தும் காட்டியும் கேட்க வைத்தார்கள். கண்ணில் பட்டதும் பெரிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது, சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்கு இறங்கியது. கேட்டவர்கள் அந்த நிறுவனத்து ஊழியர்களே.

கையால் செய்த ஜோடியில் இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி: இரண்டையும் முகத்தோடு முகம் நெருக்கி வைத்து, ஒன்றின் ஒயரை மட்டும் பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டு, மோனோவில் (இரண்டிலும் ஒரே ஒலி வரும்படி) பாட விடுங்கள். நன்றாக ஒத்திருந்தால் பாஸ் ஏறக்குறைய மறைந்து, ஒலி தகர டப்பாவுக்குள் போனது போல ஆகிவிடும்.

300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறைதான் எஜமான். 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு வீக்கம் வரும், அதாவது அந்த பாஸ் மட்டும் தூக்கலாகக் கேட்கும். எந்த விலை ஸ்பீக்கர் வாங்கினாலும் வரும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள வீட்டில் ஒரு ஜமக்காளமும் கனத்த திரைச்சீலையும் உயர் சுருதிக் கூச்சலைத் தணிக்கும், இந்த வீக்கத்தை ஒன்றும் செய்யாது. ஸ்பீக்கரையோ நாற்காலியையோ அரையடி அரையடியாக நகர்த்திப் பாருங்கள்.

உதிரி பாகத்தில் பட்டறைக்குச் சாதகம் உண்டு. பெரிய கம்பெனி தனக்கென்று செய்த வூஃபர், மாடல் நின்றபின் கிடைப்பது கஷ்டம். பெயரும் எண்ணும் உள்ள சியாஸ் வூஃபரை, பட்டறையை மூடிவிட்டாலும் தனியாக வாங்கலாம். அதனால் முழுப்பணம் கொடுக்கும் முன் வூஃபர், ட்வீட்டர் எண்களையும், பாக மதிப்புகள் குறித்த கிராஸ்ஓவர் வரைபடத்தையும் கேட்டு வாங்கி பில்லோடு சேர்த்து வையுங்கள்.