31 கேசட், நான்கு அலைச்சல்

மொரீஷியஸின் க்யூர்பீப் ஊரில் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டியின் கணவர் விட்டுப்போன 31 கேசட்டுகளில் ஒன்று தவிர மற்றவை போன வாரம்தான் ஒரு வழியாகக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லாம் எண்பதுகளில் அவர் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த சேகா இரவுகள். சேகா என்பது இந்தத் தீவின் பாட்டும் ஆட்டமும். நடுவே கதை, விடுகதை. மொரீஷியஸில் இப்படி ஒரு பெட்டி உங்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம்.

முதல் தவறு அவசரம். பெட்டியைத் திறந்ததும் ஒன்றை எடுத்து ஓட்டிவிட்டேன். க்யூர்பீப் மழை தெரியுமே, நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. அது டெக்கில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போனது. பூஞ்சை கண்ணில் பட்டால் ஓட்டாதீர்கள், தனியாக எடுத்து வையுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு சுத்தம் செய்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை முதலிலேயே உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் எதுவும் அழியாது.

இரண்டாவதுதான் இன்னும் வலிக்கிறது. டிஜிட்டல் ஆக்கித் தருகிறோம் என்ற ஒரு கடையில் பாதிக் கேசட்டுகளைக் கொடுத்தேன். எம்பி3 கோப்புகளாக வந்தன. பளிச்சென்று இருந்தன. பாட்டி இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "நெருப்பு எங்கே?" என்றார்.

எனக்குப் புரியவே இல்லை. சேகாவுக்கு அடிக்கும் ராவான் ஆட்டுத்தோல் போர்த்திய மேளம். நம் பறையைப் போலவே அதையும் தீயில் காய்ச்சி, தோல் இறுகிய பிறகுதான் அடிப்பார்கள். அந்தச் சுள்ளி வெடிக்கும் ஓசையை இரைச்சல் என்று கடையில் வடிகட்டிவிட்டார்கள். அடுத்து யார் பாடுவது என்று நடந்த வாக்குவாதம், சிரிப்பு, ஒரு குழந்தையின் அழுகை எல்லாவற்றையும் பாட்டு இல்லாத இடம் என்று வெட்டியிருந்தார்கள். கொடுத்த பணம் போனது. கேசட்டுகளைத் திரும்ப வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தோம். டிஜிட்டல் ஆகிவிட்டதே என்று மூலத்தை மட்டும் யாரும் தூக்கிப் போடாதீர்கள்.

மறுபடி நானே உட்கார்ந்தேன். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, எந்த வடிகட்டலும் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி ஆகும், ஆகட்டும். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடமும் உட்கார்ந்தே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. ஒன்பதாவது கேசட்டில் தாத்தாவின் குரல்: "சிராந்தான்!" இங்கே விடுகதை போடும் முன் சொல்லும் அழைப்பு அது. பதிவில் இருந்தவர்கள் வாய் திறக்கும் முன் பாட்டி அதற்கான பதிலாக "சாம்பெக்!" என்றார். "நிற்கும் தண்ணீர்?" கரும்பு. "தொங்கும் தண்ணீர்?" தேங்காய். வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பின்னால் நெருப்பு வெடித்துக்கொண்டிருந்தது.

சரி, காப்பக அலுவலகம். முதல் முறை, பாட்டியின் கையெழுத்து மட்டும் போதாது, தாத்தாவின் வாரிசுகள் எல்லோரும் போட வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். தொலைபேசியில் கேட்டபோது இதைச் சொல்லவில்லை. ஒரு மகள் பக்கத்துத் தீவான ரெயூனியனில். அந்தக் கடிதம் வர ஆறு வாரம். இரண்டாம் முறை, சம்பந்தப்பட்டவர் விடுப்பு.

மூன்றாம் முறை படிவத்தில் மொழிப் பட்டியலைப் பார்த்தேன், இந்தப் பாட்டுகளின் மொழியான க்ரியோல் இல்லை. "பிரெஞ்ச் என்று போடுங்கள் மதாம், எல்லோரும் அப்படித்தான்" என்றார் எழுத்தர். நாட்டில் பெரும்பாலோர் வீட்டில் பேசும் மொழி, 2012 முதல் தொடக்கப் பள்ளியில் பாடமாக இருக்கும் மொழி. இந்தச் சேகாவை 2014-இல் யுனெஸ்கோவே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நான் போட மாட்டேன் என்றேன். பிரெஞ்ச் என்று பதிந்தால் நாளைக்கு க்ரியோல் பாட்டு தேடும் பிள்ளைக்கு இது கிடைக்கவே கிடைக்காது. மொரீஷியஸ் க்ரியோலுக்கு எம்எஃப்இ என்று சர்வதேச மொழிக் குறியே இருக்கிறது. நான்காம் முறை அதை அச்சடித்துக் கொண்டுபோய் மேலதிகாரியிடம் காட்டினேன். பத்து நிமிடத்தில் சேர்த்துக்கொண்டார்.

தலைப்புகளை இரண்டு விதமாக எழுதிக் கொடுங்கள். தாத்தா பிரெஞ்சு பாணியில் கிறுக்கியதை அப்படியே ஒன்று, 2011-இல் வந்த க்ரியோல் எழுத்து முறையில் ஒன்று. ஒன்று விட்டால் ஒன்றிலாவது தேடலில் சிக்கும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டியதில்லை. இரண்டு கேசட்டுகளில் அக்கம்பக்கத்தாரைப் பெயர் சொல்லிக் கேலி செய்யும் பாட்டுகள் இருக்கின்றன. அந்தக் குடும்பங்கள் இங்கேயே இருக்கின்றன. பத்திரமாக இருக்கட்டும், இப்போதைக்கு யாரும் கேட்க வேண்டாம் என்றார் பாட்டி. படிவத்தில் அதற்கு இடமே இல்லை. தனிக் கடிதமாக எழுதி, முத்திரையோடு நகல் வாங்கிக்கொண்டேன். அந்த நகல் பாட்டியின் பைபிளுக்குள் இருக்கிறது. பூஞ்சை பிடித்த முதல் கேசட் மட்டும் இன்னும் என் மேசையில்தான்.